ஒன்பதாம் தொட்டிக் கிழங்கு

மார்ச் 9

மருமகளுக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். போன இடத்தில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தொட்டிகள் பன்னிரண்டும் நேற்று வந்து சேர்ந்தன. மூன்று மாடி சுமந்து ஏறி வந்த வண்டிக்காரர், "இதுக்குள்ள இருக்கறது செடியாம்மா, இல்ல இனிமேத்தான் வரணுமா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். தொட்டிக்கு ஒரே ஓர் இலை. தண்டு இல்லை, கிளை இல்லை. யாரோ கைதவறிப் போட்ட மாதிரி மண்மேல் மல்லாந்து கிடக்கிறது. இதைப் படிப்பதற்கா எட்டு மாதம் வேறு ஊருக்குப் போயிருக்கிறாய்?

உன் கப்பல்காரன் போன வாரம் துறைமுகத்திலிருந்து பேசினான். "போன் வேண்டாம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் நாலு தடவை பேசினீங்க. நாலு தடவையும் யாராவது ஒருத்தர் பட்டுன்னு வெச்சிட்டீங்க. லெட்டர் போடுங்க. கோபம் வந்தா பேனாவை மூடிடலாம்" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தைத்துக் கொடுத்த கல்யாண உடுப்பை ஒரு வரிகூட எழுதாமல் பெட்டியோடு திருப்பி அனுப்பியவள் நீ. உன் தொட்டிகளை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். பால்கனியில் துணி காயப்போடும் இடத்தை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று எழுது.

இப்போது பேனாவை மூடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரனின் அம்மா


மார்ச் 16

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இடம் ஒழித்துக் கொடுத்ததற்கு நன்றி. என் அறையில் ஒரு ஜன்னல்தான், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது. இங்கே நான் பார்ப்பதெல்லாம் காய்ந்த செடிகள். நூறு வருஷத்துக்கு முன் பறித்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவை உங்களிடம்தான் இருக்கின்றன.

இந்தச் செடிக் கூட்டத்துக்கு எரியோஸ்பெர்மம் என்று பெயர். கம்பளி விதை என்று அர்த்தம். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி. பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரே ஓர் இலைதான் விடும். வேண்டியதையெல்லாம் மண்ணுக்கடியில் கிழங்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர், நல்ல வெயில், அவ்வளவு போதும். தொட்டி எண்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள். இரண்டு வருஷமாக அந்த எண்களை வைத்துத்தான் என் கணக்கெல்லாம் இருக்கிறது.

உடுப்பு விஷயமாக எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் பேனாவை மூட வேண்டிவரும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


மே 4

மருமகளுக்கு,

நல்ல சேதி இல்லை. உன் செடிகள் பன்னிரண்டும் போய்விட்டன.

போன மாதக் கடைசியில் மூன்றாம் தொட்டி ஓரம் மஞ்சளாயிற்று. வெயில் அதிகமோ என்று நிழலில் வைத்தேன். நிழல்தான் ஆகவில்லையோ என்று மறுபடி வெயிலில் வைத்தேன். ஒரு டம்ளர் என்று நீ சொன்னதற்கு மேல் அரை டம்ளர் ஊற்றியும் பார்த்தேன், ஊற்றாமலும் பார்த்தேன். இன்று காலை கடைசி இலையும் சருகாகிக் கையோடு வந்துவிட்டது.

என்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வந்த நாள் முதல் தினமும் ஒவ்வோர் இலையையும் டேப்பால் அளந்து, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்திருக்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அளந்து அளந்து கை பழகிவிட்டது, கண்ணில் படுவதையெல்லாம் அளப்பேன். ஆறாம் தொட்டி மட்டும் நீளம் மூன்றே முக்கால் அங்குலம், அகலம் மூன்று. அதுதான் நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன்.

உன் இரண்டு வருஷ உழைப்பு என் பால்கனியில் வீணாகிவிட்டது. நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை


மே 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். இங்கே அலமாரிப் பூட்டுத் திறப்பவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அத்தை, ஒன்றும் சாகவில்லை. தூங்குகின்றன! தப்பு முழுக்க என்னுடையது. இலை காய்ந்துவிடும் என்று எழுத மறந்துவிட்டேன். எனக்கு அது பழகிப்போன விஷயம், எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

கோடை வந்தால் இந்தச் செடி இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மட்டும் படுத்திருக்கும். தண்ணீரே கூடாது. கோடைக் கடைசியில் இலை இல்லாமலே வெறும் மண்ணிலிருந்து ஒரு பூந்தண்டு மட்டும் எழும்பும். இலை இருக்கும்போது பூ இருக்காது, பூக்கும்போது இலை இருக்காது. இந்த அலமாரியிலும் ஒரே செடியின் இலை ஒரு தாளில், பூ இன்னொரு தாளில். எது எதோடு சேரும் என்று கண்டுபிடிக்கத் தலை சுற்றுகிறது.

நீங்கள் நிஜமாகவே தினமும் அளந்தீர்களா? பன்னிரண்டையுமா? அந்த நோட்டைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். நான் இலையை வாரம் ஒரு தடவைதான் அளந்தேன். என் பேராசிரியரிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: ஆறாம் தொட்டி எனக்கும் செல்லம்.


ஜூன் 21

அன்புள்ள மருமகளுக்கு,

இதைப் படிக்கும்முன் உட்கார்ந்துகொள். உன் மாமா ஒரு கிழங்கை வெட்டிவிட்டார்.

நடந்தது இதுதான். நேற்று எனக்கு எட்டுப் பள்ளிச் சீருடை கொடுக்க வேண்டியிருந்தது. மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னிக்குச் சமையல் என் பொறுப்பு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பால்கனியைப் பெருக்கப் போனவர், தொட்டியெல்லாம் காலியாகக் கிடக்கிறதே என்று ஒன்பதாவதைக் கவிழ்த்திருக்கிறார். உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று உருண்டு வந்திருக்கிறது. பஸ் ஓட்டியவருக்குக் கிழங்கெல்லாம் ஒன்றுதான். கழுவி, கூடையில் இருந்ததோடு சேர்த்து நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பலகையில் பாதிக் கிழங்கு இருந்தது. உள்ளே பளிச்சென்று ரோஜா நிறம்.

"என்னங்க இது?"

"உருளைக்கிழங்குதான். கொஞ்சம் வெட்கப்படுது போல."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

சொன்னார். நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அதற்குள் உன் மாமா ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பியும் இருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "உப்பு போதாது" என்று என்னிடமே சொல்கிறார்.

மீதிப் பாதியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு முளை மாதிரி இருக்கிறது, அது வெட்டுப்படவில்லை. மறைக்க வழியிருந்தும் மறைக்கத் தோன்றவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

இப்படிக்கு,
அத்தை

(மாமா எழுதுவது: மன்னித்துக்கொள் அம்மா. நாற்பது வருஷத்தில் இவள் என்னை இப்படித் திட்டியதில்லை.)


ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் கிழங்கு. வெட்டுப்பட்ட பக்கத்தை நிழலில் நாலு நாள் காயவிட்டு, முளை பக்கவாட்டில் இருக்கும்படி காய்ந்த மணலில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம். பிழைத்துவிடும்.

இப்போது மற்றது. உள்ளே ரோஜா நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, நன்றாகப் பார்த்தீர்களா? துணி வெட்டுகிற உங்கள் கண் நிறத்தில் தப்பு செய்யாது என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். ஏனென்றால் அது வெள்ளையாக இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் இலையைப் பார்த்து ஏமாந்துபோகலாம். கிழங்கின் சதை ஏமாற்றாது. வெள்ளை ஒரு வகை, ரோஜா வேறொரு வகை. பன்னிரண்டும் ஒரே வகை என்று சீட்டு ஒட்டித்தான் எனக்குக் கொடுத்தார்கள். கிழங்கை யார் வெட்டிப் பார்ப்பார்கள்? இரண்டு வருஷமாகப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது என்று எண்ணினேன். ஒன்று நண்பகலில் விரியும், ஒன்று மாலையில் விரியும். கணக்கு ஒட்டவே ஒட்டவில்லை. பேராசிரியர், "நீ கவனமாப் பார்க்கல. அவ்வளவுதான்" என்றார். நானும் நம்பிவிட்டேன். நவம்பரில் என் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே வந்தேன்.

இரண்டு வகை கலந்திருந்தால்? ஒவ்வொரு கிழங்கின் தோலிலும் அரிசி அளவுக்கு ஒரு கீறல் போட்டுப் பார்த்தால் போதும். என்னால் வர முடியாது. உங்கள் கையை நம்புகிறேன்.

இன்னொன்று. மாமா செய்த தப்பை மறுநாளே எழுதிவிட்டீர்கள். நான் ஒன்றரை வருஷமாக எழுதவில்லை. அந்த உடுப்பின் கை என் முழங்கைக்கு மேல் ஏறவில்லை, அத்தை. கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு தோழிகள் பிடித்து இழுத்தும் ஏறவில்லை. நாற்பது வருஷமாகத் தைப்பவரிடம் போய் அளவு தப்பு என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை எழுதாமல் அனுப்பிவிட்டேன். அளவுக்கென்று உங்கள் மகன் எங்கள் வீட்டிலிருந்து எடுத்து உங்களிடம் கொடுத்த சட்டை எது என்று பிறகுதான் தெரிந்தது. அது நான் பதினாறு வயதில் போட்டது. "அலமாரில அடியில இருந்துச்சு, மடிப்புக் கலையாம இருந்துச்சு, எடுத்தேன்" என்றார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூலை 5

என் அன்பு மருமகளே,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் ஊசி கையில் குத்திவிட்டது. மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். நானும் கேட்கவில்லையே. திரும்பி வந்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பரண்மேல் போட்டவள்தானே நான். நேற்று இறக்கிப் பார்த்தேன். கையில் தையல் விட்டுப்போன இடம் தெரிகிறது. எவ்வளவு இழுத்திருப்பீர்கள்!

உன் கப்பல்காரன் ஞாயிற்றுக்கிழமை பேசினான். "அலமாரி அடியில என்னடா தேடினே?" என்று கேட்டேன். நான் எதைக் கேட்கிறேன் என்று புரியாமலே "எல்லாத்தையும் மன்னிச்சிடும்மா" என்றான். அந்த மட்டும் புத்தி இருக்கிறது.

இனி வேலை. தையல் பிரிக்கும் முள்ளை நெருப்பில் காட்டி ஆறவைத்துக் கீறினேன். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கீறி, வெயிலில் பார்த்து, மாமா எழுதினார். முடிவு இதோ: 1, 3, 4, 6, 8, 10, 11 வெள்ளை. 2, 5, 7, 9, 12 ரோஜா. சந்தேகமே இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் பொருத்தமான நூல் துண்டை இந்தத் தாளில் ஒட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

இரண்டு வருஷம் வீண் என்று உட்கார்ந்துவிடாதே. தப்பாகத் தைத்த துணியைத் தூக்கி எறிகிறோமா? பிரித்துத் தைக்கிறோம். நீ தொட்டி எண் போட்டுத்தானே எழுதி வைத்திருக்கிறாய்? வெள்ளை ஏழையும் தனியே எடு, ரோஜா ஐந்தையும் தனியே எடு. கணக்கு ஒட்டுகிறதா என்று பார்.

உன்,
அத்தை


ஜூலை 11

அத்தை! அத்தை! அத்தை!

ஒட்டுகிறது. வெள்ளை ஏழும் பன்னிரண்டு மணியை ஒட்டி விரிந்திருக்கின்றன. ரோஜா ஐந்தும் நாலு மணியை ஒட்டி. இரண்டு வருஷமும் அப்படித்தான். நான் கவனமாகத்தான் பார்த்திருக்கிறேன்!

இன்னும் ஒரு பூக்காலம் பார்த்தால் யாரும் வாய் திறக்க முடியாது. இந்த வருஷப் பூ வரும்போது மணி குறித்துத் தருவீர்களா? கீறியது நீங்கள், எண்ணுவதையும் நீங்களே செய்தால்தான் சரி.

மாமாவிடம் சொல்லுங்கள், அவர் வெட்டியதுதான் இந்த வருஷத்தின் மிகச் சிறந்த வெட்டு.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 29

கண்ணு,

உன் பூக்கள் வந்துவிட்டன. போன மாத நடுவில் ஒவ்வொரு தொட்டியிலும் ஸ்வெட்டர் பின்னும் ஊசி மாதிரி ஒன்று எழும்பிற்று. ஒன்பதாம் தொட்டி மட்டும் இந்த வருஷம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தேன், கிழங்கு கெட்டியாக இருக்கிறது.

இவ்வளவு சின்னப் பூவா! சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஆறு வெள்ளை இதழ். ஒவ்வோர் இதழின் முதுகிலும் யாரோ பென்சிலால் இழுத்த மாதிரி பச்சைக் கோடு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் அழகு தெரிகிறது.

தையல் கடை இப்போது உன் ஆராய்ச்சிக் கூடமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு யார் அளவு கொடுக்க வந்தாலும் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டியதுதான், நான் பால்கனிக்குப் போய்விடுவேன். நேற்று ஒரு கல்யாணப் பெண் நின்றாள். அவள் அம்மாவுக்குக் கோபம். பெண்ணோ, "இருங்கம்மா, எட்டாம் நம்பர் விரியுதான்னு பார்த்துட்டு வரட்டும்" என்றாள். நாலு மணி வேலை மாமாவுடையது. முப்பது வருஷம் நேரம் பார்த்து பஸ் எடுத்தவர், மணி விஷயத்தில் என்னைவிடக் கறார். "ஏழாம் தொட்டி இன்னிக்கு நாலு நிமிஷம் லேட்" என்று டிரைவரைத் திட்டுவதுபோலத் திட்டுகிறார்.

முப்பது நாள் கணக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளை ஒருநாள்கூட நாலுக்கு விரியவில்லை. ரோஜா ஒருநாள்கூடப் பன்னிரண்டுக்கு விரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


அக்டோபர் 12

கண்ணு,

நேற்று ஒரு கூத்து. காய் வெடித்தது.

விதை இப்படி இருக்கும் என்று நீ பெயரிலேயே சொன்னாய், நான்தான் மறந்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று பட்டு மாதிரி முடி. காற்று வேறு. பால்கனிக் கதவு திறந்திருந்தது. மேஜைமேல் வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டு. ஓரம் மடித்து, இஸ்திரி போட்டு, தயாராக வைத்திருந்தேன். ஒரு நிமிஷத்தில் அது பஞ்சில் புரண்ட கறுப்புப் பூனை மாதிரி ஆகிவிட்டது.

வக்கீலம்மா வந்தாள். பார்த்தாள். "இது என்ன?" என்றாள். "என் மருமகளோட ஆராய்ச்சி" என்றேன். "அப்ப பிரஷ் போடாதீங்க, எண்ணிக்கை தப்பிடும்" என்று சொல்லிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். மாமா, நான், அவள், மூன்று பேரும் இடுக்கி வைத்துப் பொறுக்கினோம். கோட்டில் மட்டும் அறுபத்திரண்டு. காகித உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் கப்பல்காரன் அடுத்த மாதம் முப்பது நாள் விடுப்பில் வருகிறானாமே. நீயும் அதற்குள் வந்துவிடுவாய். நீங்கள் இரண்டு பேரும் பூட்டிவிட்டுப் போன உங்கள் வீட்டைத் திறந்து சுத்தம் செய்யாதே, இங்கேயே இருங்கள் இரண்டு பேரும். என் அலமாரியில் பாதி ஒழித்துவிட்டேன்.

அத்தை


நவம்பர் 4

அன்புள்ள அத்தைக்கு,

முடிந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருஷக் கணக்கை முதலில் கலந்து காட்டினேன். முகம் சுளித்தார்கள். பிறகு பிரித்துக் காட்டினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "மூணாவது வருஷக் கணக்கு யார் எடுத்தது? ஒரு நாள்கூட விட்டுப்போகலையே" என்றார். என் அத்தை என்றேன். "எந்தக் கல்லூரி?" என்றார். தையல் கடை என்றேன். நீங்கள் ஒட்டிய நூல் துண்டுகளைக் காட்டினேன். ஐந்து பேரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "கவனமாப் பார்க்கல" என்று சொன்ன என் பேராசிரியர் எல்லார் எதிரிலும், "தப்பா சொல்லிட்டேன்மா" என்றார். அறிக்கையின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் மாமா பெயரும் இருக்கும்.

அத்தை, அடுத்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இங்கேயே வேலை கொடுக்கிறோம் என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம். இந்த அலமாரியில் சீட்டுத் தப்பாக ஒட்டிய தாள்கள் எத்தனையோ இருக்கும், எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. உங்கள் மகனிடம் கேட்டேன். "எனக்குக் கப்பல் எங்கிருந்தாலும் ஒண்ணுதான். அம்மாகிட்ட நீயே சொல்லு" என்கிறார்.

நீங்கள் அலமாரியில் பாதி ஒழித்ததைப் படித்த பிறகு எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரமாகத் தெரியவில்லை. பதினெட்டாம் தேதிக்குள் நான் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மருமகள்


நவம்பர் 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமாக இருந்தால் பட்டென்று எழுதிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மருமகள்


நவம்பர் 15

என் கண்ணே,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கோபமாகத்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். இப்போதுதான் நமக்குள் நல்லபடியாக வந்தது, அதற்குள் மூன்று வருஷமா என்று இருந்தது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். சொன்னபடியே பேனாவை மூடி வைத்தேன்.

மாமாதான் ஆரம்பித்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஏறினவங்க எல்லாரும் அவங்கவங்க ஸ்டாப்ல இறங்கினாங்க. நான் யாரையும் டெப்போவுக்குக் கூட்டிட்டுப் போகல" என்றார். "நீங்க முதல்ல சமையல்கட்டுல இருந்து இறங்குங்க" என்றேன். ஆனால் யோசித்தேன். என்னைத் தையல் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று என் மாமியார் சொன்னபோது நான் எவ்வளவு அழுதேன் என்று நினைத்துப் பார்த்தேன். போய் ஒப்புக்கொள். உன் தேதி தவறக் கூடாது என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், கிடைத்த அன்றே போய் ஒப்புக்கொள்.

ஆனால் ஒன்று. ஜன்னலுக்கு எதிரே சுவர் இருக்கிற அந்த அறை ஆகாது. ரோஜாக் கிழங்கு ஐந்துக்கும் நாலு மணி வெயில் வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனி உள்ள வீடாகப் பார். மூன்று பேர் படுக்க இடம் இருக்கட்டும். உன் கப்பல்காரன் விடுப்பில் நேரே அங்கேதான் வருகிறான், நானும் பதினைந்து நாள் வந்து இருக்கப் போகிறேன். முதல் முறையாகக் கடையைப் பூட்டுகிறேன். கதவில் சீட்டு ஒட்டியாயிற்று. கல்யாணப் பெண்கள் காத்திருப்பார்கள். மாமா வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கத்திகளை எல்லாம் மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு தொட்டிகளையும் நானே கொண்டுவருகிறேன். மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் நடுநடுவே வெட்டுத்துணி வைத்து அடுக்கிவிட்டேன். நாலு தொட்டியில் புது இலை சுருட்டிக்கொண்டு மேலே வந்திருக்கிறது, அதை மட்டும் மடியில் வைத்துக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் ரயில் அங்கே வருகிறது. கடைசிக்கு முந்தின பெட்டி. தள்ளுவண்டி கொண்டுவா, ஆனால் கூலியாளைக் கூட்டி வராதே. நீ உள்ளே ஏறி வா. இதை நான் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

அத்தை